படிக்கட்டு உள்ளே இருக்கும் வீடு

கார்த்தி,

நீ நலமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்கக் கை போகிறது. ஆனால் நேற்றுச் சாயங்காலம்தான் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்தேன், சளி பிடித்திருப்பதைத் தவிர நன்றாகத்தான் இருந்தாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொல்லாமல் அம்மா ஏன் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். நான் அனுப்பும் குரல் பதிவுகளை நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்கிறாய் என்று நிவேதா ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அத்தை, அப்ப உங்க குரல் அணில் கத்தற மாதிரியே இருக்குதுங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முக்கியமான எதையும் இனி உனக்குக் குரலில் சொல்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். இதை நீ நிதானமாகத்தான் படித்தாக வேண்டும். நிவேதாவும் படிக்கட்டும். வயதான அப்பா அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள நினைக்கும் உன் நண்பர்களுக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஒளித்து வைக்க இதில் ஒன்றும் கிடையாது.

போன வாரம் நீ கேட்டாய், "வர்றியா, இல்லியா? ஒரே வார்த்தையில சொல்லும்மா." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ விட்ட பெருமூச்சு ஓசூர் வரைக்கும் கேட்டது. உன் அவசரம் எனக்குப் புரியாமல் இல்லை. நம் வீட்டைக் கீழும் மேலுமாக மொத்தமாக எடுத்துக்கொள்ள ஒருவர் காத்திருக்கிறார். தொழிற்பேட்டைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களைத் தங்கவைக்க, அறைக்கு அறை கட்டில் போட்டு நிரப்பப் போகிறார். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும் என்று புரோக்கர் உன்னை நச்சரிக்கிறார். நான் வருகிறேன் என்றால் இந்த வீடு என் கையை விட்டுப் போகும், மாடியில் குடியிருக்கும் செல்வி குடும்பமும் வேறு இடம் தேட வேண்டும். வரவில்லை என்றால், எனக்காகவே பார்த்துப் பார்த்துப் பிடித்த வீட்டை நான் தள்ளிவிட்டதாக நீ நினைப்பாய். நீ சின்ன வயதிலிருந்தே சண்டை போடும் பிள்ளை இல்லை, எதையும் மனதுக்குள் வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைக்கும் பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

அந்த வீட்டை நீ எவ்வளவு அலைந்து பிடித்தாய் என்று எனக்குத் தெரியும். படம் வரைகிறவர்களும் நாடகக்காரர்களும் நிறைந்த அந்தப் பகுதிதான் வேண்டும் என்று நிவேதா ஆசைப்பட்டாள். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடுகிறவளுக்கு வெளிச்சம் விழும் அறை ஒன்றும் வேண்டும். உனக்குக் கார் நிறுத்த இடம் வேண்டும். எனக்கு முழங்கால் வலி, அதனால் தரைத்தளம் வேண்டும். பெங்களூரில் இத்தனையும் ஒரே வீட்டில் கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அதற்கே கொடுத்து, ஒரு வழியாக மூன்று தள வீடு ஒன்றைக் கண்டுபிடித்து, அறை அறையாக வீடியோவில் காட்டினாய். தெருவை ஒட்டி எனக்கென்று குளியலறையோடு ஒரு பெரிய அறை. நடுத்தளத்தில் கூடமும் சமையலறையும். அதற்கு மேலே உங்கள் படுக்கையறையும் நிவேதா வரையும் அறையும். வீட்டு வாசல் நடுத்தளத்தில், பக்கத்துச் சந்தில் சில படிகள் ஏறி வரவேண்டும். மூன்று தளத்தையும் சேர்க்கும் மரப்படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "ஒரே வீடும்மா, ஆனா உனக்குத் தனி ஃப்ளோர்" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன் அப்பா இருந்திருந்தால் கம்பெனி பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொல்லியிருப்பார்.

பால் காய்ச்சிய அன்று நான் முதல் பஸ்ஸில் கிளம்பி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று வந்து சேர்வதற்குள் நிவேதா பாத்திரத்தைக் கழுவிப் பொட்டு வைத்துத் தயாராக இருந்தாள். வாடகை வீட்டுக்கு எதற்கு இதெல்லாம் என்று அவள் கேட்கவில்லை, அதுவே எனக்குப் பிடித்தது. பால் பொங்கியதும் சின்னக் குழந்தை போலக் கைதட்டினாள். அப்போதுதான் ஹவுஸ் ஓனர் அம்மா வந்தார். என் வயதுதான் இருக்கும், பருத்திப் புடவை, கழுத்தோடு வெட்டிய நரைமுடி. நான் கர்நாடக எல்லையோரத் தளியில் பிறந்தவள், என் கன்னடத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். "நீவு இல்லே இர்த்தீரா, இல்லா பந்து ஹோக்தீரா?" இங்கேயே இருப்பீர்களா, வந்து போவீர்களா என்று. வீட்டை வாடகைக்கு விடும் யாரும் கேட்கிற கேள்விதான், நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ குறுக்கே வந்து "பர்மனென்ட், ஆன்ட்டி" என்றாய். அவர் சிரித்துத் தலையாட்டினார்.

எனக்கு அந்த வார்த்தை இடித்தது. நீ ஓசூரில் பிறந்து வளர்ந்தவன், பர்மனென்ட் என்றால் என்ன என்று உனக்குத் தெரியாதா? நான் இன்ஸ்பெக்‌ஷனிலும் உன் அப்பா டூல் ரூமிலும் அந்த ஒரு வார்த்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தோம். முதலில் டிரெய்னி, அப்புறம் புரொபேஷன், வேலை நமக்கு ஒத்துவருகிறதா, நாம் அவர்களுக்கு ஒத்துவருகிறோமா என்று இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் அது கைக்கு வந்தது. நீயோ என்னை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு டம்ளர் பால் குடித்து முடிப்பதற்குள் எனக்குப் பர்மனென்ட் போட்டுவிட்டாய்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே எழுதப்போவதை நீ தப்பாக எடுத்துக்கொள்வாய். அதற்குப் பிறகு சில வாரம் அங்கே வந்து தங்கிவிட்டு ஓசூர் திரும்பினேனே, அதில் எனக்கு அந்தத் தெரு ரொம்பப் பிடித்துவிட்டது. எதிர்ச்சுவரில் மூக்குக்கண்ணாடி போட்ட எருமை ஒன்று பேப்பர் படிப்பதாக யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமல் எனக்குக் காலையில் காப்பி இறங்கவில்லை. பக்கத்து மாடியில் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே வருகிற யாரோ ஒருவர் தினமும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார், அந்த இடம் வரும்போது நானும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மூலையில் இருக்கும் காப்பிக்கடையில் ஒரு காப்பியை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து எதையாவது வரைந்துகொண்டிருக்கிறார்கள், கடைக்காரரும் முகம் சுளிப்பதில்லை. நீ என்னடாவென்றால், சத்தம் எனக்கு ஆகாது என்று நீயாகவே முடிவுகட்டி, ஜன்னலைச் சாத்தி, காதில் அடைத்துக்கொள்ள ஏதோ வாங்கிவந்து கொடுத்தாய். பிரஸ் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவளுக்கு டிரம்ஸ் ஒரு சத்தமா? வாங்கி வந்ததை வீணாக்க வேண்டாம் என்று மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன், நீயே எடுத்துக்கொள்.

அந்தத் தெருவில் கால் வைக்க எனக்கு இருந்த வழியைத்தான் பாரேன். என் அறைக்குத் தெருப்பக்கமாகவே ஒரு கதவு இருக்கிறது. அதை அடைத்துச் செருப்பு ஸ்டாண்டை நிறுத்தியிருந்தீர்கள். ஆகவே நான் வெளியே போக வேண்டுமென்றால், வலிக்கிற முழங்காலோடு உள்படிக்கட்டில் ஏறி, கூடத்தைத் தாண்டி, சந்துப் படியில் இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து என் கதவுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும். ஒரு சாயங்காலம் நீங்கள் இருவரும் வெளியே போயிருந்தபோது ஸ்டாண்டை நகர்த்தி, கதவைத் திறந்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எதிர்வீட்டுக் கார் ஷெட்டில் சில பேர் கன்னட நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகளைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அழும் தாயாக நடித்தவளே கல்யாண வயதுப் பெண்தான். அவள் அழ ஆரம்பிக்கும்போதெல்லாம் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அவளுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. நான் சிரித்ததை அவர்கள் பார்த்துவிட்டார்கள். "ஆன்ட்டி, இல்லிகெ பர்த்தீரா? நமகெ ஒப்ரு ஆடியன்ஸ் பேக்கு" என்று அந்தப் பெண் கூப்பிட்டாள். பார்க்க ஓர் ஆள் வேண்டுமாம். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

நான் நன்றாக ரசித்துக்கொண்டிருந்த நேரத்தில் உன் கார் வந்து நின்றது. என்னைப் பார்த்து உன் முகம் மாறியதும், நேராக அவர்களிடம் போய், அம்மா இந்த இடத்துக்குப் புதுசு, தொந்தரவு செய்துவிட்டார்களா, ஸாரி என்று நீ இங்கிலீஷில் சொன்னதும் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. கூட்டிவந்த குழந்தை கடையில் எதையோ தட்டிவிட்டது போல எனக்காக மன்னிப்புக் கேட்டாய். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது, அந்தப் பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் வந்ததும், "தெருக் கதவத் தொறந்து போட்டா யார் வேணா உள்ள வருவாங்கம்மா. சாவி எங்கிட்டயே இருக்கட்டும், நீ எங்கியாவது வெச்சிட்டுத் தேடிக்கிட்டு இருப்ப" என்று பூட்டி, சாவியை உன் கார்ச் சாவியோடு கோத்துக்கொண்டாய். ஓசூரில் என் இடுப்பில் ஒரு கொத்துச் சாவி தொங்குகிறது. உன் வீட்டில் என் அறைச் சாவி உன் பாக்கெட்டில். நீ அக்கறையில்தான் செய்தாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கறை என்பதால்தான் உன்னிடம் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

இந்த இடத்தில் உன் அப்பாவை இழுக்காமல் முடியாது. நம் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நீ சின்னவன், உனக்கு ஞாபகம் இருக்காது. படிக்கட்டை உள்ளே வைப்பதா வெளியே வைப்பதா என்று எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை. அவர் மத்தூர்க்காரர், குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். "நாளைக்கு எம்பையன் கட்டிகினு வந்து மேல இருப்பான். வெளிய படி வெச்சா மழையில நனஞ்சிகினா சோறு துன்ன எறங்கி வருவான்?" என்றார். "வாடகைக்கு வுடணும்னா வெளியதான் படி வேணும். குடியிருக்கறவங்க நம்ம கூடத்துல நடந்துகினு போவாங்களா?" என்றேன் நான். கொத்தனார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் என் பிடிவாதம்தான் ஜெயித்தது. கொஞ்ச நாள் அவர் சாப்பாட்டைத் தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டார், அப்புறம் மறந்துவிட்டார்.

பிறகு அந்தப் படிக்கட்டில் நடந்ததுதான் எனக்கு இப்போது உதவுகிறது. தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த நர்ஸ் பெண், தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டு தமிழில் சமாதானம் ஆகும் ஒரு தம்பதி, இப்போது தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் செல்வியும் அவள் புருஷனும் குழந்தையும் என்று எத்தனையோ பேர் அதில் ஏறி இறங்கினார்கள். ஷிப்ட் முடித்துக் களைத்து வருகிறவர்கள் நேரே மேலே போவார்கள். பேசத் தோன்றினால் கீழ்ப்படியில் நின்று உன் அப்பாவோடு பேசுவார்கள். பேசாமல் போகவும் அவர்களுக்கு வழி இருந்தது. அதனால்தான் பேசியபோது மனசாரப் பேசினார்கள் என்று நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு மூச்சுத் திணறியபோது முதலில் ஓடி இறங்கி வந்ததும் அந்த மாடியில் இருந்தவர்கள்தான். நீ வந்து சேர்வதற்குள் ஆஸ்பத்திரியில் எல்லாக் காரியத்தையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இப்போது ஒரு தண்ணீர் விஷயம் சொல்கிறேன். நிவேதா உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். உங்கள் மேல்தளத்தில் ஏதோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, பைப் என் அறைச் சுவர் வழியாகப் போவதால் எனக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க, வீட்டை வாடகைக்கு விட்டுப் பழகியவளால் முடியாது. ஓசூரில் மாடிக் குழாய் சொட்டினால் நான் என்ன செய்வேன்? கீழே இருந்தபடியே மாடிக்குப் போகும் வால்வை மூடிவிட்டுத்தான் மறுவேலை, அப்புறம் பிளம்பருக்குப் போன். அதே கை, அதே புத்தி. சந்துப் பக்கம் போய் மேல்தளத்து வால்வைத் தேடிப்பிடித்துத் திருகி மூடிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். மேலே நிவேதா தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருக்கிறாள், இன்னும் சற்று நேரத்தில் பதிப்பகத்துக்காரர்களோடு அவளுக்கு வீடியோ மீட்டிங் இருக்கிறது என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

தலையில் நுரையோடு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அவள் படிக்கட்டில் இறங்கி வந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. "நான்தாம்மா மூடினேன், குழாய் சொட்டுச்சேன்னு" என்றேன். அவள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லைங்க அத்தை, பரவால்லைங்க" என்றாள். அவ்வளவுதான். நான் ஓடிப்போய் வால்வைத் திறந்த பிறகு மேலே போய்விட்டாள். சாயங்காலம் எனக்குச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கீழே கொண்டுவந்து வைத்தபோதும் சிரித்த முகம்தான். அவள் கோயம்புத்தூர்ப் பெண், மரியாதை ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பரவாயில்லை என்னைத் தூங்கவிடவில்லை. இதையே நான் செல்விக்குச் செய்திருந்தால் அவள் மாடியிலிருந்தே குரல் கொடுத்திருப்பாள். "எக்கா, என்ன வேல பாத்துட்டிய! சொல்லிட்டு மூட மாட்டியளா? பச்சப்புள்ளைய வச்சிக்கிட்டு நா என்ன செய்ய?" என்று தெருவே கேட்கக் கேட்டிருப்பாள். நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். ஒரு மணி நேரம் கழித்து வாழைக்காய் பஜ்ஜியோடு இறங்கி வந்திருப்பாள். செல்வி வாடகை கொடுக்கிறாள், அதனால் கேட்கிறாள். நான் நிவேதாவுக்கு விருந்தாளியும் இல்லை, குடியிருப்பவளும் இல்லை, அவள் என்னை எந்தக் கணக்கில் வைத்துத் திட்டுவாள்?

அன்றைக்குப் பிறகுதான் நான் காதைத் தீட்டிக்கொண்டு கவனித்தேன். மரப்படி, இடைவெளி விட்ட பலகைகள், மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் கீழே கேட்கிறது. உங்களுக்கும் அது தெரிந்திருந்தது. "மெதுவா பேசு, அம்மா கீழ இருக்காங்க" என்று நீ சொல்வது கேட்டது, அதைச் சொன்ன குரலும் ரகசியக் குரல். நிவேதா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறினாள். சனிக்கிழமைகளில் உங்கள் கூட்டாளிகள் வந்து மாடியில் பாட்டும் கூத்துமாக இருப்பார்கள் என்று நீதான் முன்பு சொல்லியிருக்கிறாய். நான் இருந்த சனிக்கிழமைகளில் ஒருவரும் வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாருக்கும் வேலைம்மா" என்றாய். எல்லாருக்கும் ஒரே நாளில் எப்படியடா வேலை வரும்? அங்கே நீங்கள் இப்படி என்றால் நான் மட்டும் என்ன, டிவி சத்தத்தைக் குறைத்துக் குறைத்து உதட்டசைவைப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டேன். உங்கள் தூக்கம் கெடக்கூடாது என்று காலைக் காப்பிக்கு மேலே வராமல் காத்துக்கிடந்தேன். இத்தனை பெரிய வீட்டை வாடகைக்குப் பிடித்து, மூன்று பேரும் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம்.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா தளியில் பீன்ஸும் முட்டைக்கோசும் போட்டவர். சந்தையில் வியாபாரிகள் அவரிடம் எடையில் விளையாடமாட்டார்கள், அப்படி ஒரு குரல். கடைசிக் காலத்தில் தர்மபுரியில் உன் மாமா வீட்டில் இருந்தார். உன் மாமாவும் நல்லவன், அவன் மனைவியும் நல்லவள், ஒரு குறை வைக்கவில்லை. ஒரு தடவை நான் போயிருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்தவர் சமையலறை வாசல் வரை போய், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. யாரும் தடுக்காத இடத்தில் தானாகவே நின்றுவிட்டார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "இருக்கட்டும்மா, அவங்க வரட்டும்னு பாத்தேன்" என்றார். உன் வீட்டில் காப்பிக்குக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவர் முகம்தான் வந்தது. அப்போது நிஜமாகவே பயந்தேன் கார்த்தி.

சரி, உன் கேள்விக்குப் பதில். வருகிறேன். அந்த எருமையை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. உன்னையும்தான், அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி வரமாட்டேன். எனக்கு அந்தக் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடு. சிரிக்காதே. இங்கே நாங்கள் எல்லோரும் போடுகிற பதினொரு மாத அக்ரிமென்ட் உனக்குத் தெரிந்ததுதானே, அதையே நாமும் போடுவோம். பதினொரு மாதம் முடியும்போது உங்களுக்கு நான் ஒத்துவருகிறேனா, எனக்கு நீங்கள் ஒத்துவருகிறீர்களா என்று இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசுவோம். ஒத்துவந்தால் புதுப்பிக்கலாம், வராவிட்டால் யாரும் யாரையும் தள்ளியதாகாது, வீடு காலி செய்ததாகத்தான் ஆகும். எந்த ஊரிலும் குடியிருப்பவர்கள் காலி செய்வதுண்டு. அதற்காக யாரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு சாப்பாட்டைக் குறைப்பதில்லை.

புரோக்கரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. செல்வி மாடியில் அப்படியே இருக்கட்டும், கீழ்ப்பகுதியைப் பூட்டிவிட்டு வருகிறேன், செடிக்கு அவள் தண்ணீர் ஊற்றுவாள். அவளிடம் சொல்லியும் விட்டேன். "போய்ட்டு வாங்கக்கா, ஆனா அங்கயே இருந்துராதிய" என்றாள். அவள் கொடுக்கும் வாடகை அப்படியே உனக்கு வாடகையாக வரும். வேண்டாம் என்று நீ சொல்வாய், தெரியும். வாங்கிக்கொள். நீ வாங்கினால்தான் குழாய் சொட்டும்போது உன்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட எனக்கு வாய் வரும். அந்த உள்படிக்கட்டுக்கு மேலே ஒரு கதவு போடச் சொல்லி ஹவுஸ் ஓனர் அம்மாவிடம் நானே கன்னடத்தில் பேசிக்கொள்கிறேன், இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வேண்டும். தட்டினால் திறக்கலாம், திறக்காமலும் இருக்கலாம். சனிக்கிழமை உங்கள் கூட்டாளிகள் வரட்டும், சத்தம் தாங்காவிட்டால் கம்பால் மேலே தட்டுகிறேன். தட்டில் சாப்பாடு கீழே வர வேண்டாம், என் ஒற்றை அடுப்பைக் கொண்டுவருகிறேன். நீங்கள் கூப்பிட்டால் மேலே வருவேன், நான் கூப்பிட்டால் நீங்கள் கீழே வரவேண்டும், ராகிக் களி செய்யும் நாளில் கட்டாயம் கூப்பிடுவேன். நிவேதாவிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கண்ணு, மறுபடி நான் ஏதாவது வால்வை மூடினால் பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே. நன்றாகத் திட்டு.

செருப்பு ஸ்டாண்டை வேறு எங்காவது வை. தெருக் கதவுச் சாவியை உன் வளையத்திலிருந்து கழற்றி எனக்கு அனுப்பு. அடுத்த வாரம் ஓசூர் வழியாகத்தான் போகிறாய், நான் வீட்டில் இல்லாவிட்டால் செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் போதும். அது கைக்கு வந்த பிறகுதான் பெட்டி கட்டுவேன். வந்ததும் ஒரு நல்ல நாள் பார்த்து என் அடுப்பில் பால் காய்ச்சுகிறேன், உங்கள் இருவரையும் அழைக்கிறேன். அன்றைக்கு உள்படிக்கட்டில் இறங்கி வந்துவிடாதீர்கள். சந்து வழியாக இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து, தெருப்பக்கம் நின்று மணி அடியுங்கள். நான் வந்து கதவைத் திறக்கிறேன்.

அம்மா